கானாவுக்கு வருகிறவர்களுக்கு: முதலில் வணக்கம், மற்றதெல்லாம் அப்புறம்

கானாவுக்கு வேலைக்கு வரப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியும் கொசுவைப் பற்றியும்தான் இருக்கும். இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் இங்கே குடியிருந்து பார்த்ததில், ஒருவருக்கு இந்த நாடு ஒத்துவருமா வராதா என்பதை முடிவு செய்வது வேறொன்று என்று தோன்றுகிறது. காலையில் எதிரே வருகிறவருக்கு அவர் வணக்கம் சொல்கிறாரா இல்லையா என்பதுதான் அது. அதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு நல்ல வீடு கிடைக்கிறது, நல்ல மீன் கிடைக்கிறது, அலுவலகத்தில் கோப்பு நகர்கிறது. பிடிக்காதவர்கள் ‘இங்கே யாரும் ஒத்துழைப்பதில்லை’ என்று சொல்லிக்கொண்டே ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிடுகிறார்கள்.

நான் டெமா துறைமுக நகரத்தில், கோகோ அரைக்கும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். அதனால் இதில் கோகோ கொஞ்சம் அதிகமாகவே வரும்.

கிளம்புவதற்கு முன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு அதன் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் அது செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு கையிலேயே வைத்திருங்கள். தலைநகர் அக்ராவில் இறங்கும்போது கேட்பார்கள். அதைவிட முக்கியம், திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் கேட்பார்கள். அங்கே அட்டை இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க நேரிடும்.

மின்சாரம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட். ஆனால் பிளக் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருக்கிற, தட்டையான மூன்று கால் வகை. இரண்டு மூன்று அடாப்டர் கொண்டு வாருங்கள். நேரம் கிரீன்விச் நேரம்தான், வருடம் முழுக்க மாறாது. இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அந்தப் பூஜ்ஜிய தீர்க்கரேகையே எங்கள் டெமா வழியாகத்தான் போகிறது. இங்கிருந்து நேர் தெற்கே கடலில் சுமார் 600 கிலோமீட்டர் போனால் பூமத்தியரேகையும் அந்தக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் வந்துவிடும். உலக வரைபடத்தின் நடுப்புள்ளிக்கு இவ்வளவு பக்கத்தில் உள்ள நகரங்கள் மிகக் குறைவு.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நீங்கள் எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வணக்கம் சொல்லும் முறை

கடைக்குள் போனாலும் அலுவலகத்துக்குள் போனாலும், பாதையோரம் உட்கார்ந்து தக்காளி விற்கும் அம்மாவிடம் நின்றாலும், முதல் வார்த்தை ‘குட் மார்னிங்’ அல்லது ‘குட் ஆஃப்டர்நூன்’ ஆக இருக்க வேண்டும். பதில் வரும் வரை காத்திருங்கள். ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேளுங்கள். அதற்கும் பதில் வந்த பிறகு காரியத்துக்கு வாருங்கள். நேராக விஷயத்தைத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் உங்களை நிமிர்ந்து பார்த்து நிதானமாக ‘குட் மார்னிங்’ என்பார். நீங்கள் விட்டதை அவர் எடுத்துக் கொடுக்கிறார் என்று அர்த்தம். உடனே பதில் வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள், மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பலர் வரிசையாக உட்கார்ந்திருந்தால் உங்கள் வலது பக்கம் இருப்பவரிடம் தொடங்கி இடப்பக்கமாகக் கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். வயதில் பெரியவர், பதவியில் பெரியவர் என்று தேடிப் போய் நடுவில் கை கொடுக்கக் கூடாது. இடது கையால் கொடுப்பது, வாங்குவது, சுட்டிக்காட்டுவது, கையசைப்பது எதுவும் வேண்டாம். இதில் நமக்குப் பழக்கம் இருப்பதால் சிரமம் இருக்காது. இளைஞர்கள் கை குலுக்கி விடுவிக்கும்போது நடுவிரலோடு நடுவிரலைச் சேர்த்து ஒரு சொடக்குப் போடுவார்கள். சத்தம் நன்றாக வந்தால் இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஒரு வீட்டுக்குப் போனால் உட்கார வைத்து முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்த பிறகுதான் ‘என்ன விஷயமாக வந்தீர்கள்’ என்று கேட்பார்கள். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தாலும் கேட்பார்கள். நீங்களும் முறையாகச் சொல்ல வேண்டும். கிராமத் தலைவரைப் பார்க்கப் போகிற சந்தர்ப்பம் வந்தால் இன்னும் கவனம் தேவை. அவர் எதிரே கால் மேல் கால் போடக் கூடாது, தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், நேராக அவரிடம் பேசவும் கூடாது. பக்கத்தில் கோல் பிடித்து நிற்கும் ஒக்கியாமே என்பவரிடம்தான் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சைத் தலைவரிடமும் தலைவர் பேச்சை உங்களிடமும் சேர்ப்பவர் அவர். தலைவர் உங்கள் எதிரே இரண்டடி தூரத்தில் இருந்தாலும் இதுதான் முறை. கையில் ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் மது கொண்டு போவது வழக்கம், உடன் வருகிற உள்ளூர்க்காரர் ஏற்பாடு செய்துவிடுவார்.

பிறந்த கிழமை

அக்கான் மக்களிடம் குழந்தை பிறந்த கிழமையே அதன் முதல் பெயர். அஷாந்தி, ஃபான்டி, அக்வாபிம் எல்லோரும் அக்கான்தான், நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர். ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண் க்வாசி, பெண் அகோசுவா. திங்கள் என்றால் க்வாஜோ, அஜோவா. செவ்வாய்க்கு க்வாபெனா, அபெனா. புதனுக்கு க்வாகு, அக்குவா. வியாழனுக்கு யாவ், யா. வெள்ளிக்கு கோஃபி, அஃபுவா. சனிக்கு க்வாமே, அமா. பகுதிக்குப் பகுதி கொஞ்சம் மாறும்.

இது தெரிந்துவிட்டால் இந்த நாட்டின் வரலாறே கிழமையோடு வரும். நாட்டுக்கு விடுதலை வாங்கித்தந்த க்வாமே என்குருமா சனிக்கிழமை பிறந்தவர். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை. 1900ல் ஆங்கிலேயரை எதிர்த்து அஷாந்திப் படையைத் திரட்டிய, எஜிசு என்ற ஊரின் ராணித்தாய் யா அசன்டேவா வியாழக்கிழமை. அஷாந்தி மக்களின் உயிராக இருக்கும் தங்க ஆசனத்துக்குக்கூட ‘கோஃபி’ என்ற பெயர் உண்டு, அது வானத்திலிருந்து இறங்கியது வெள்ளிக்கிழமை என்பது நம்பிக்கை.

நானும் வியாழக்கிழமைதான். ஆய்வகத்துக்கு வந்த புதிதில் மூட்டை இறக்கும் பெண்கள் கிழமை கேட்டார்கள், சொன்னேன். அன்றிலிருந்து ஆலை முழுக்க நான் ‘சிஸ்டர் யா’. என் சொந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் திணறிய வாசல் காவலர் இந்தப் பெயரை அத்தனை உரிமையோடு கூப்பிடுகிறார். கிழமையைச் சொன்ன நிமிடத்திலிருந்து உங்களை வெளியாள் மாதிரி நடத்துவது பாதி குறைந்துவிடும். தெருவில் குழந்தைகள் ‘ஒப்ருனி’ என்று கத்தினால் கோபப்படாதீர்கள். வெளிநாட்டுக்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம்மையும் சேர்த்து. கையசைத்து வணக்கம் சொன்னால் போதும், மறுநாளிலிருந்து உங்கள் கிழமைப் பெயரைக் கேட்பார்கள்.

பணமும் பயணமும்

பணம் சீடி. நூறு பெசேவா ஒரு சீடி. 2007 ஜூலையில் பழைய 10,000 சீடியை ஒரு புதிய சீடி ஆக்கினார்கள். சந்தையில் வயதானவர்கள் சிலர் இன்னும் பழைய கணக்கில் ஆயிரங்களில் விலை சொல்வது உண்டு. பதறாமல் நான்கு பூஜ்ஜியத்தை நீக்கிப் பாருங்கள். செல்பேசியில் இருக்கும் மொபைல் மணிதான் இங்கே அன்றாடப் புழக்கம், எல்லோரும் ‘மோமோ’ என்பார்கள். சிம் வாங்கின கையோடு அதையும் பதிந்துகொள்ளுங்கள். காய்கறிக்காரியிலிருந்து எலக்ட்ரீஷியன் வரை அதில்தான் வாங்குவார்கள்.

ட்ரோட்ரோ என்கிற வேனில் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நடத்துநரை மேட் என்பார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ‘சர்க் சர்க் சர்க்’ என்று கத்தினால் அது அக்ராவில் உள்ள என்குருமா சர்க்கிள் சந்திப்புக்குப் போகிற வண்டி. சாலையோரம் நிற்கும் நீங்கள் சுட்டுவிரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால், சர்க்கிள் போக வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும். ஏறியதும் முதலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம். காசை முன்சீட்டுக்காரர் கையில் கொடுத்தால் அது கைமாறி மேட்டிடம் போய்ச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். இறங்க வேண்டுமென்றால் ‘பஸ் ஸ்டாப்’ என்று குரல் கொடுங்கள்.

வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே சாலையின் வலது பக்கம் போக வேண்டும். ஆங்கிலேயர் விட்டுப்போன இடப்பக்கப் பழக்கத்தை 1974 ஆகஸ்ட் 4 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் மாற்றினார்கள். சுற்றியிருக்கும் பிரெஞ்சு பேசும் நாடுகள் எல்லாம் வலதுபக்கம் என்பதால் அந்த முடிவு.

சாப்பாடு

சைவமோ அசைவமோ, முதலில் வாச்சே சாப்பிடுங்கள். அரிசியும் தட்டைப்பயறும் சேர்த்து வேகவைப்பது. வேகும்போது ஒருவகைச் சோளத்தின் காய்ந்த இலையுறையைப் போடுவார்கள், சோறு செம்பழுப்பாகிவிடும். காலையில் அகலமான பச்சை இலையில் வைத்துக் கட்டிக்கொடுப்பார்கள். அதன்மேல் மரவள்ளிக் குருணையான காரி, ஷிட்டோ என்கிற கறுப்பு மிளகாய்த் தொக்கு, முட்டை, ஸ்பகெட்டிகூட வைப்பார்கள். ஷிட்டோவில் கருவாட்டுத்தூளும் இறால்தூளும் உண்டு. சைவக்காரர்கள் அதைத் தவிர்த்துவிட வேண்டும். ‘மீன் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் தூள், இறால் தூள், சூப் கட்டி எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான குழம்புகளில் ருசிக்காக அவை இருக்கும். வாழைக்காய் வறுவலோடு பாமாயிலில் செய்த தட்டைப்பயறுக் குழம்புக்கு ரெட் ரெட் என்று பெயர், சொல்லி வைத்தால் மீன் இல்லாமல் செய்துதருவார்கள். சாயங்காலம் தெருமுனையில் கெலெவெலே கிடைக்கும். பழுத்த நேந்திரம் மாதிரியான வாழையைத் துண்டுபோட்டு இஞ்சியும் மிளகாயும் பிசறிப் பொரித்தது. வறுத்த வேர்க்கடலையோடு சாப்பிட வேண்டும்.

ஃபூஃபூ தனிக்கதை. மதிய நேரத்தில் எந்தக் குடியிருப்புக்குள் நடந்தாலும் ‘தும், தும்’ என்று கேட்கும். வேகவைத்த மரவள்ளியையும் வாழைக்காயையும் மர உரலில் போட்டு ஒருவர் நின்றுகொண்டு உயரமான உலக்கையால் இடிப்பார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உலக்கை மேலே போகிற அந்த இடைவெளியில் கையை உள்ளே விட்டு மாவைப் புரட்டிவிட்டு எடுப்பார். கையில் தண்ணீர் தொட்டுக்கொள்வார், மறுபடி புரட்டுவார். இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள், உலக்கையைப் பார்ப்பதுகூட இல்லை. எங்கள் பக்கத்து வீட்டில் அம்மாவும் மகளும் இதைச் செய்வதை நான் அடிக்கடி நின்று பார்ப்பேன். இத்தனை நம்பிக்கையோடு இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையை வேறெங்கும் பார்த்ததில்லை.

அது உருண்டையாக வேர்க்கடலை சூப்பிலோ பனங்கொட்டை சூப்பிலோ மிதந்து வரும். வலது கையால் கொஞ்சம் கிள்ளி, சூப்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். முதல் வாய் தொண்டையில் நிற்கிற மாதிரி இருக்கும், சின்னதாகக் கிள்ளினால் சரியாகிவிடும். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கடந்துபோனால் ‘யூ ஆர் இன்வைட்டட்’ என்பார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போகலாம், உட்காரவும் செய்யலாம். நீங்கள் சாப்பிடும்போது யாராவது வந்தால் அதையே நீங்களும் சொல்ல வேண்டும். சொல்லாமல் சாப்பிடுவது இங்கே முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சமம்.

மீன் பிரியர்களுக்கு: செவ்வாய்க்கிழமை மீன் வாங்கப் போகாதீர்கள். இந்தக் கடற்கரையின் பெரும்பகுதியில் செவ்வாயன்று படகு கடலுக்குப் போகக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. கடலுக்கு அன்று ஓய்வு. அன்றைக்கு வலை பழுதுபார்ப்பார்கள், ஊர் வழக்குகளைப் பேசித் தீர்ப்பார்கள். டெமா மீன்துறையில் வண்ணம் தீட்டிய படகுகள் கொடிகளோடு வரிசையாகக் கட்டி நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய்தான் நல்ல நாள்.

கோகோவைப் பார்ப்பது எப்படி

கானாவில் இருந்துவிட்டு ஒரு கோகோத் தோட்டத்தைப் பார்க்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. அக்ராவிலிருந்து வடக்கே அக்வாபிம் மலை ஏறினால் அபுரி தாவரவியல் தோட்டம் வரும், 1890ல் உண்டானது. அதையும் தாண்டி மாம்போங் என்ற சின்ன ஊர். டெட்டே க்வாஷி என்ற கொல்லர் ஃபெர்னாண்டோ போ தீவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கோகோ விதைகளைக் கொண்டுவந்து, 1879ல் இந்த ஊரில்தான் நட்டார். அந்தத் தோட்டத்தை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். அவர் நட்டதிலிருந்து 32 வருடத்தில், 1911ல், உலகத்திலேயே அதிகம் கோகோ விளைவிக்கும் நாடாக இது ஆகிவிட்டது. பெரிய முதலாளித் தோட்டங்களால் வந்ததில்லை அது. குடும்பம் குடும்பமாகக் காட்டைத் திருத்தி நட்ட விவசாயிகளால் வந்தது. இப்போது பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட் முதலிடம், கானா அதற்கு அடுத்தபடி என்பது நெடுங்காலக் கணக்கு.

அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் போங்கள், முக்கிய அறுவடை அப்போதுதான். காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பழுத்த காயை வெட்டிப் பிளந்தால் உள்ளே முப்பது நாற்பது கொட்டை, சுற்றிலும் வெள்ளைச் சதை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுச் சப்புங்கள். சீத்தாப்பழத்தில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும். கொட்டையைக் கடிக்க வேண்டாம், பச்சையில் கடுங்கசப்பு. சாக்லேட்டின் வாசனை துளிகூட இருக்காது.

அந்த வாசனை வருவது அடுத்த ஆறேழு நாளில். கொட்டைகளைச் சதையோடு வாழை இலைமேல் குவித்து, மேலேயும் இலை போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே புளிக்கப் புளிக்கச் சூடேறும். கையை வைத்தால் சுடும், ஐம்பது டிகிரிக்குப் பக்கத்தில் போகும். காடி வாடை மூக்கைத் துளைக்கும். நடுவில் கிளறிவிட வேண்டும். அப்புறம் மூங்கில் தட்டிமேல் பரப்பி வெயிலில் காயவைத்து, கையால் புரட்டிப் புரட்டி, சொத்தையைப் பொறுக்குவார்கள். மழை வந்தால் தட்டியை அப்படியே சுருட்டி மூடுவார்கள். நெருப்பு மூட்டி உலர்த்தாததால் கானாக் கொட்டையில் புகை வாடை இருப்பதில்லை. சாக்லேட் செய்பவர்கள் இதற்குக் கூடுதல் விலை கொடுப்பதன் காரணம் அந்த விவசாயியின் இந்தப் பத்துப் பதினைந்து நாள் பொறுமைதான்.

எங்களிடம் மூட்டை வந்ததும் நாங்கள் செய்வது அறுத்துப் பார்க்கும் சோதனை. சணல் சாக்குகளில் இருந்து மாதிரி எடுத்து, 300 கொட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து வெளிச்சத்தில் பார்ப்போம். உள்ளே பழுப்பாக, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தால் நன்றாகப் புளித்தது. ஊதா என்றால் அரைகுறை. சிலேட்டுக் கல் நிறத்தில் வழவழவென்று இருந்தால் புளிக்கவே இல்லை. முதல் தரத்துக்கு சிலேட்டு நிறம் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, பூஞ்சை பிடித்ததும் மூன்றைத் தாண்டக் கூடாது. நல்ல தோட்டத்து மூட்டை ஒன்றை அறுத்தால் பலகை முழுக்க ஒரே பழுப்பாக இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அதில் அலுப்பு வந்ததில்லை. முகம் தெரியாத ஒருவர் ஆறு நாளும் இலையை விலக்கிக் கிளறியிருக்கிறார் என்பது அதில் தெரியும்.

விவசாயிக்கு எவ்வளவு விலை என்பதை ஒவ்வொரு பருவத்துக்கும் அரசு அறிவிக்கும். கொள்முதலையும் தரத்தையும் மேற்பார்க்கும் கோகோபாட் வாரியம் 1947லிருந்து இருக்கிறது. ஏறக்குறைய 8 லட்சம் விவசாயக் குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன. ஆனாலும் விளைச்சலில் பெரும்பகுதி கொட்டையாகவே கப்பல் ஏறிவிடுகிறது, அரைத்து வெண்ணெயும் தூளும் ஆக்கும் லாபம் வெளியே போகிறது. மரத்தை வீங்கவைத்துக் கொல்லும் வைரஸ் ஒருபக்கம். கலாம்சே என்று சொல்லும் திருட்டுத் தங்கச் சுரங்கம் இன்னொருபக்கம், கோகோ நிலத்தையே தோண்டிப்போடுகிறது. ப்ரா ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரைப் பாருங்கள். கரைத்த சேறுதான் ஓடும். இதை ஊர்க்காரர்களிடம் கேட்டால் வருத்தத்தோடு பேசுவார்கள். கேளுங்கள், நீங்கள் கேட்பது அவர்களுக்குப் பிடிக்கும்.

கடற்கரைக் கோட்டைகள்

கேப் கோஸ்ட்டையும் எல்மினாவையும் ஒரே நாளில் ஓட்டமாகப் பார்க்க வேண்டாம். எல்மினாக் கோட்டையைப் போர்ச்சுக்கீசியர் 1482ல் கட்டத் தொடங்கினார்கள். சஹாராவுக்குத் தெற்கே ஐரோப்பியர் கட்டி இன்றும் நிற்கும் கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. தங்கத்துக்காகக் கட்டியது, பிறகு மனிதர்களை விற்கப் பயன்பட்டது. கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண்களை அடைத்த நிலவறைக்கு நேர் மேலே ஒரு வழிபாட்டுக்கூடம் இருந்தது. அதை வழிகாட்டி சொன்ன பிறகு யாருக்கும் பேச்சு வராது. காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் போங்கள். கறுப்பின அமெரிக்கர்கள் தங்கள் முன்னோரைத் தேடி வந்து அழுகிற இடம் அது, நிலவறைக்குள் செல்ஃபி எடுக்காதீர்கள். பக்கத்தில் ‘காக்கும்’ என்ற பெயர் கொண்ட காட்டில் மரஉச்சிகளுக்கிடையே கட்டிய 350 மீட்டர் தொங்குபாலத்தில் நடப்பது அருமையான அனுபவம், ஆனால் அதை முதல் நாளே முடித்துவிடுங்கள். கோட்டையைப் பார்த்த பிறகு அந்தக் கொண்டாட்டத்துக்கு மனம் போகாது.

அக்ராவில் ஓசு பகுதியில் ஒரு வெள்ளைக் கோட்டை இருக்கிறது, கிறிஸ்டியன்ஸ்போர்க். 1661ல் டேனிஷ்காரர்கள் தொடங்கியது. நம் தரங்கம்பாடியில் 1620ல் டேன்ஸ்போர்க் கோட்டை கட்டினார்களே, அதே டேனிஷ்காரர்கள். தரங்கம்பாடியை 1845லும் இங்கிருந்த கோட்டைகளை 1850லும் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இந்தக் கோட்டைதான் 2013 வரை நாட்டின் ஆட்சிமையமாகவும் இருந்தது. அதை நோக்கி 1948 பிப்ரவரி 28 அன்று, பர்மா முனையில் ஆங்கிலேயருக்காகப் போரிட்டுத் திரும்பிய வீரர்கள் ஓய்வூதியம் கேட்டு ஊர்வலமாகப் போனார்கள். சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். ஒன்பது வருடம் கழித்து 1957 மார்ச் 6 அன்று கோல்ட் கோஸ்ட் என்ற பெயர் போய் கானா வந்தது. விடுதலையை என்குருமா அறிவித்த பழைய போலோ மைதானத்தில்தான் அவருடைய சமாதி இருக்கிறது.

குமாசி

அக்ராவிலிருந்து அஷாந்தித் தலைநகரான குமாசி சுமார் 250 கிலோமீட்டர், சாலை நிலவரத்தைப் பொறுத்து ஐந்தாறு மணி நேரம். போவதற்கு முன் அக்வாசிடாயே என்ற திருநாள் எந்த ஞாயிறு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 42 நாளுக்கு ஒருமுறை வரும். அன்று மன்ஹியா அரண்மனையில் அஷாந்தி அரசர் குடைகளும் முரசுகளும் சூழ அமர்ந்திருப்பார், மக்கள் வரிசையாக வந்து மரியாதை செலுத்துவார்கள். 1999லிருந்து அரசராக இருப்பவர் இரண்டாம் ஓசெய் டூட்டு. அரண்மனை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். 1874 போரில் ஆங்கிலேயர் அள்ளிக்கொண்டுபோன தங்கப் பொருள்கள் சில 2024ல் லண்டனிலிருந்து திரும்பி வந்தன. அதுவும் கடனாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். தங்க ஆசனம் சாதாரணமாக யார் கண்ணிலும் படாது. 1900ல் ஆங்கிலேய ஆளுநர் ஹாட்ஜ்சன் அதைத் தான் உட்காரக் கொண்டுவரச் சொன்னதால்தான் யா அசன்டேவாவின் போரே மூண்டது. ஆசனம் கிடைக்கவில்லை. யா அசன்டேவாவைச் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள், 1921ல் அங்கேயே இறந்தார்.

கென்டே துணி வாங்க போன்வெரே கிராமத்துக்குப் போங்கள். நான்கு அங்குலம் அகலத்துக்குப் பட்டை பட்டையாக நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைத்துத்தான் முழுத்துணி ஆகும். சந்தையில் அச்சிட்ட துணியையும் கென்டே என்றே விற்பார்கள். மறுபக்கம் புரட்டிப் பாருங்கள். நெய்ததில் இரண்டு பக்கமும் நிறம் அதே அழுத்தத்தோடு இருக்கும், நான்கு அங்குலத்துக்கு ஒரு தையல் விரலில் தட்டுப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் உண்டு, நெய்தவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

துக்க வீடும் மௌன மாதமும்

இறுதிச்சடங்குக்கு அழைப்பு வந்தால் போங்கள். பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கும், இறந்து வாரங்கள் கழித்துக்கூட இருக்கும். கறுப்பும் சிவப்பும் உடுத்த வேண்டும். நிறைய வயது வாழ்ந்து போனவர் என்றால் வெள்ளையும் கறுப்பும். வரிசையாகக் கை கொடுத்துவிட்டு உங்களால் முடிந்த மொய்யைக் கொடுத்தால், ரசீது கொடுத்து ஒலிபெருக்கியில் பெயரும் சொல்வார்கள். அக்ராவுக்கும் டெமாவுக்கும் நடுவில் டெஷியில் மீன், விமானம், கோகோக் காய் வடிவத்தில் சவப்பெட்டி செய்யும் தச்சர்களின் பட்டறைகள் சாலையோரமே இருக்கின்றன. சேத் கானே க்வேய் என்ற தச்சரால் புகழ்பெற்ற கலை இது. மீனவருக்கு மீன், விவசாயிக்குக் காய் என்று, வாழ்ந்த வாழ்க்கைக்கு மரியாதையாகச் செய்வது. வணக்கம் சொல்லி அனுமதி கேட்டால் உள்ளே விட்டுக் காட்டுவார்கள்.

அக்ராவின் பூர்வகுடிகளான கா மக்கள் ஹோமோவோ திருவிழாவுக்கு முன், வழக்கமாக மே, ஜூனில், சுமார் ஒரு மாதம் மேளத்துக்கும் சத்தத்துக்கும் தடை விதிப்பார்கள். தேவாலயங்களும் மேளத்தை அடக்கிக்கொள்ளும். பிறந்தநாள் விருந்தில் பாட்டுப் போடுவதானால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு, காய்ச்சல்

வீட்டு வாடகைக்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 1963 சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருடம், இரண்டு வருடம் கேட்பார்கள். உங்கள் நிறுவனத்திடம் இதை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீடாகப் பாருங்கள், மின்வெட்டு வந்து போகும்.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மலேரியா பரிசோதனை செய்யுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம், கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். கொசுவலையைத் தினமும் கட்டுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தாலும் கானாவிலிருந்து வந்திருக்கிறேன் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வடக்கே

தெற்கில் இருப்பவர்கள் வடக்கே போவதே இல்லை, அது பெரிய இழப்பு. டமாலே தாண்டி மோலே காட்டில் யானைகளை நடந்தே போய்ப் பார்க்கலாம், துப்பாக்கி ஏந்திய காவலர் கூட வருவார். பக்கத்தில் லராபங்காவில் வெள்ளையடித்த மண் மசூதி, சுவரிலிருந்து மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போனால் யானைகள் தண்ணீர் தேடிக் குட்டைக்கு வரும், கட்டாயம் கண்ணில் படும் என்று சொல்லுமளவுக்கு வாய்ப்பு அதிகம். அப்போது சஹாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று தூசியோடு வீசும், உதடு வெடிக்கும். ஷியா மரக்கொட்டையில் எடுக்கும் ஷியா வெண்ணெய் தடவுங்கள். வழியில் பெண்கள் கைப்பட அரைத்துக் கடைந்து கலபாஷ் என்ற சுரைக்குடுவையில் உருண்டையாக வைத்திருப்பார்கள். மஞ்சள் கலந்த தந்த நிறத்தில், லேசாகக் கொட்டை வாசனையோடு இருப்பதை வாங்குங்கள். வடக்கில் அக்கான் மக்களின் ட்வி மொழியைவிட டக்பானி மொழிதான் அதிகம் பேசுவார்கள். காலை வணக்கத்துக்கு அங்கே ‘டெசிபா’ என்று சொல்லுங்கள், பதிலுக்கு ‘நா’ என்பார்கள்.